விடியற்காலை நாலேகால்

"உடல், மனம், ஆன்மா மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் முழுமையான அணுகுமுறை" என்று எங்கே எழுதியிருந்தாலும் அந்தக் கதவைத் தாண்டிப் போய்விடுவேன். அந்த வார்த்தைமேல் அப்படி ஒரு வெறுப்பு. அப்பாவுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், இருந்தது. இதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டு ஒருவர் வீட்டுக்கு வந்தார். காலில் தேய்க்க ஓர் எண்ணெய், கையில் மாட்ட ஒரு கறுப்பு வளையம், எல்லாம் சேர்த்து 600 மலேசிய வெள்ளி. ஆஸ்பத்திரி உடம்பைத் துண்டு துண்டாகத்தான் பார்க்கும், நாங்கள் முழுசாகப் பார்க்கிறோம் என்றார். அப்பா நாலு மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டார். எங்களுக்குத் தெரியாது. டப்பாவில் மாத்திரை குறையாமல் இருப்பதை அம்மாதான் கண்டுபிடித்தார். அடுத்த வருஷம் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். அதனால்தான் போனார் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் "முழுமை" என்று யாராவது வாயெடுத்தால் அந்த மாத்திரை டப்பாதான் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும்.

அதனால், கடைசியில் நான் போய் உட்கார்ந்த உளவியலாளரும் அதே வார்த்தையைச் சொன்னபோது எழுந்து வந்துவிடலாமா என்று யோசித்தேன். கைப்பையைக்கூட எடுத்துவிட்டேன். நல்லவேளை, மழை பிடித்துக்கொண்டது.

நான் போன காரணம் வேறு. பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் 19 வருஷம். தரப் பிரிவில் சூப்பர்வைசர். அதற்கு மேல் ஒரு படி ஏற வேண்டிய நேரத்தில், காலை மீட்டிங்கில் என் குரல் போய்விடும். சொல்ல வேண்டியது எல்லாம் கையில் தாளாக இருக்கும், வாயில் வராது. தன்னம்பிக்கை போதவில்லை என்று இரண்டு நாள் தன்முனைப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். ஹோட்டல் மண்டபத்தில் நூறு பேரோடு கைதூக்கி "என்னால் முடியும்" என்று கத்தினேன். அந்த வாரம் முழுக்க உண்மையாகவே தெம்பாக இருந்தது, அதை மறைக்கவில்லை. அடுத்த வாரம் பழைய கதைதான். கூட வேலை செய்யும் தோழி ஒருத்திதான், ஜார்ஜ் டவுனில் தமிழ் பேசும் ஒரு மருத்துவ உளவியலாளர் இருக்கிறார், போய்ப் பார் என்றாள். "சுயவளர்ச்சிக்காக" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நேரம் வாங்கினேன். வளர்ச்சி என்று சொன்னால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். வேறு எப்படிச் சொன்னாலும் நம் ஊரில் ஒரே ஒரு இடத்தின் பெயர்தான் வரும். 1911இலிருந்து ஈப்போ பக்கத்தில் இருக்கும் ஒரு மனநல ஆஸ்பத்திரி, அதைச் சுற்றியுள்ள ஊரின் பெயரையே நாம் வசைச்சொல் ஆக்கி வைத்திருக்கிறோம். தஞ்சோங் ரம்புத்தான் என்று பள்ளிக்கூடத்தில் எத்தனை பேரை நாங்களே கூப்பிட்டிருக்கிறோம். அந்த ஊரில் வாழ்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

அக்கா வேண்டாமே

சனிக்கிழமைகளில் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறிப் போவேன். பாலத்தில் கார் ஓட்டிப் போகலாம், ஆனால் அந்தப் பதினைந்து நிமிஷம் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் பேசுவதற்கு ஏதாவது மனசில் சேரும். இறங்கி லிட்டில் இந்தியா பக்கமாக நடந்தால், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் அவர் அறை. ஒரு மணி நேரத்துக்கு 180 வெள்ளி. அது எனக்குச் சின்னத் தொகை இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியிலும் உளவியலாளர்கள் உண்டு, கடிதம் வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். நான் காத்திருக்கும் நிலையில் இல்லை.

முதல் நாள் பேச்சுவாக்கில் "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டேன். ஐம்பது வயசிருக்கும், சேலை கட்டியிருந்தார், நம்ம வீட்டு முகம். வேறு எப்படிக் கூப்பிடுவது? அவர் கொஞ்சம் சிரித்து, "அக்கா வேண்டாமே. அக்கான்னு கூப்பிட்டா, என் மனசு நோகாத மாதிரி பேச ஆரம்பிச்சிடுவீங்க," என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஃபெரியில் திரும்பி வரும்போது கோபம்கூட வந்தது. ஆனால் யோசிக்க யோசிக்க, என் வாழ்க்கையில் யாரிடமெல்லாம் மனசு நோகாத மாதிரி பேசியிருக்கிறேன் என்று ஒரு பட்டியல் நீண்டுகொண்டே போனது. அக்கா, அண்ணி, பெரியம்மா, கங்காணி வீட்டு ஆத்தா. உறவு என்ற ஒன்றை ஒட்டவைத்த உடனே நாம் சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிடுகிறோம். கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957இல் ஒரு கட்டுரையில், ஒரு மனிதர் மாறுவதற்கு எதிரில் இருப்பவரிடம் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதினார். அதில் ஒன்று, எந்த நிபந்தனையும் இல்லாமல் அந்த மனிதரை ஏற்றுக்கொள்வது. நம் வீடுகளில் பாசத்துக்குக் குறைச்சல் இல்லை. நிபந்தனை இல்லாத பாசம் குறைவு, அவ்வளவுதான். அன்றிலிருந்து அவரை மேடம் என்றே கூப்பிடுகிறேன்.

அந்த முதல் நாள் அவர் கேட்ட கேள்விகள் எதுவும் நான் எதிர்பார்த்தவை இல்லை. கடைசியாக எப்போது ரத்தம் பரிசோதித்தீர்கள்? காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்? மாதவிலக்கு எத்தனை நாள்? தூங்கி எழுந்தால் தாடை வலிக்கிறதா? வீட்டில் யார் யார்? கோயிலுக்குப் போவீர்களா? கடைசியாக ஒன்று: "ராத்திரி பாலத்து நடுவுல டயர் பஞ்சர் ஆயிடுச்சு. யாருக்குப் போன் பண்ணுவீங்க?" நான் யோசித்து, "இன்ஷூரன்ஸ்காரங்களுக்கு" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். அவர் பேனா நின்ற பிறகுதான், 43 வயசில் நான் என்ன பதில் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

அப்புறம், "நாம பேசுறதுக்கு முன்னாடி கிளினிக்குக்குப் போய் ரத்தம் எடுத்துட்டு வாங்க, ஹீமோகுளோபின், தைராய்டு ரெண்டும்," என்றார். தைராய்டு மந்தமானால் மனச்சோர்வு மாதிரியே தெரியும், ரத்தசோகையும் அப்படித்தான், அது தெரியாமல் அம்மா அப்பாவைப் பற்றி ஆறு மாதம் பேசுவது உங்கள் பணத்தை வீணாக்குவது என்றார். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி எடுத்தேன். தைராய்டு சரி. ஹீமோகுளோபின் 9.4. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, அதைத் தேத்தண்ணியோடு போடாதீர்கள், தேத்தண்ணி இரும்பை உடம்பில் சேர விடாது என்றார். நான் எந்த மாத்திரையையும் தேத்தண்ணியோடுதான் போடுவேன். இரண்டு மாதத்தில் படியேறும்போது மூச்சு வாங்குவது நின்றது. என்னுடைய "தன்னம்பிக்கைக் குறைவில்" ஒரு பங்கு வெறும் இரும்புக் குறைவு. அதை எந்த முகாமிலும் யாரும் கேட்கவில்லை.

அந்த இடத்தில்தான் என் பழைய வெறுப்பு கொஞ்சம் இளகியது. அப்பாவிடம் வந்தவர் முழுமை என்று சொல்லி டாக்டரிடமிருந்து அவரைப் பிரித்தார். இவர் முழுமை என்று சொல்லி என்னை டாக்டரிடம் அனுப்பினார். இதை அவரிடமே சொன்னேன். "இது நான் கண்டுபிடிச்சது இல்லை," என்று தொடங்கி, அவர் 1977இல் ஜார்ஜ் எங்கல் என்ற மருத்துவர் ஓர் அறிவியல் இதழில் எழுதியதைப் பற்றிச் சொன்னார். நோயை உடம்பின் கோளாறாக மட்டும் பார்க்கும் மருத்துவம் போதாது, உடல், மனம், சமூகம் மூன்றும் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன என்பது அவர் வாதம். கவனியுங்கள், மருத்துவத்தை விடச் சொல்லவில்லை. மருத்துவராக இருந்துகொண்டு அதை அகலப்படுத்தச் சொன்னார்.

ஒரு சொல் வந்த வழி

எனக்கு ஒரு வார்த்தை உறுத்தினால் அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்க்காமல் தூக்கம் வராது. இந்த "முழுமை"க்கு ஆங்கிலத்தில் இருக்கும் ஹோலிஸம் என்ற சொல்லை உருவாக்கியவர் யான் ஸ்மட்ஸ், 1926இல். படித்தவுடன் எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதே என்று பார்த்தால், தென்னாப்பிரிக்காவில் காந்தி யாரை எதிர்த்துப் போராடினாரோ அதே ஜெனரல் ஸ்மட்ஸ். ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் ஆட்கள்மேல் போட்ட 3 பவுன் வரியை எதிர்த்த போராட்டம் அது. அதில் ஜெயிலுக்குப் போய், நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் 16 வயதில் இறந்தவர் தில்லையாடி வள்ளியம்மை. பகுதிகளைக் கூட்டினால் வருவதைவிட முழுமை பெரியது என்று ஒரு தத்துவமே எழுதிய மனிதருக்கு, தன் நாட்டில் கரும்பு வெட்டிய, சுரங்கத்தில் இறங்கிய தமிழர்கள் முழு மனிதர்களாகத் தெரியவில்லை. இதைப் படித்த அன்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. என் தாத்தாவும் அதே காலத்தில் கப்பலேறியவர், வேறு திசையில். எங்கள் அம்மா செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் 28 வருஷம் பால் வெட்டியவர். ஒரு மனுஷியை முழுசாகப் பார்ப்பது என்றால் அந்தத் தோட்டமும் அதற்குள் வர வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அந்த அறையில் அது வந்தது, நான் எதிர்பார்க்காத வழியில்.

வட்டம்

மூன்றாவது சந்திப்பு என்று நினைக்கிறேன். ஒரு வெள்ளைத் தாளில் பெரிய வட்டம் போட்டு என் பக்கம் தள்ளினார். இது 24 மணி நேரம், உங்கள் ஒரு நாளை இதில் பிரித்துப் போடுங்கள் என்றார். போட்டேன். வேலை, பாலம், சமையல், டிவி, தூக்கம். தூக்கத்துக்கு நடுவில் ஒரு சின்னத் துண்டை வெட்டி "முழிப்பு" என்று எழுதினேன். நாலேகாலிலிருந்து நாலே முக்கால் வரை. "இது தினமுமா?" தினமும்தான். லீவு நாளிலும். தூக்கமின்மைக்கு ஒரு முறை மாத்திரைகூட வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன் என்றேன். மாத்திரை போட்டாலும் நாலேகாலுக்கு முழிப்பு வந்துவிடும், மறுபடி தூங்கும்போதுதான் மப்பாக இருக்கும்.

அவர் அந்தத் துண்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். "அந்த நேரத்துல வீட்டுல வேற யார் முழிச்சிருப்பாங்க?"

"அம்மா. நாலரைக்கு எந்திரிப்பாங்க. தோட்டத்துப் பழக்கம். விடியறதுக்கு முன்னாடி ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்குப் போகணும்ல, அந்த நேரம் உடம்புல அப்படியே இருக்கு."

"படுத்துக்கிட்டே இருக்கீங்க. என்ன சத்தம் கேட்கும்?"

யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. ஆனால் பதில் தயாராக இருந்தது, வரிசை மாறாமல். "முதல்ல அடுப்படி லைட் சுவிட்சு. அப்புறம் குழாய்த் தண்ணி. அப்புறம் கோப்பிச் சட்டி மூடி. அப்புறம் அம்மா ஒரு தடவ இருமுவாங்க."

"இருமின பிறகு?"

"தூங்கிடுவேன்."

சொல்லி முடித்தேன், அப்புறம் என் வாய் அப்படியே திறந்திருந்தது. கீழே கடையில் யாரோ இரும்புக் கதவை இழுக்கும் சத்தம் கேட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும். எனக்குத் தூக்கம் வராத வியாதி இல்லை. அம்மா இருமியதும் தூங்கிவிடுகிறேனே.

அப்பா போன அன்றைக்கும் அம்மா நாலரைக்கு எழுந்தார். விளக்கு போட்டார், கோப்பி கலக்கினார். அப்பா தூங்குகிறார் என்று நினைத்து ஆறு மணி வரை எழுப்பவில்லை. ஆறு மணிக்குக் கோப்பியோடு போனார். நான் பக்கத்து அறையில் ஒன்றும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம் கேட்டிருந்தால், கேட்காமல் போனதையாவது கவனித்திருந்தால் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். தோட்டம் கைமாறி வீடமைப்பு வந்த பிறகு அப்பாவுக்குக் கிடைத்தது ஜாகா என்ற காவல் வேலை. 17 வருஷம், ராத்திரியெல்லாம் யாரோ ஒருவருடைய கேட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் போன பிறகு அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். தினமும் நாலேகாலுக்கு எழுந்து, அம்மா இருக்கிறார் என்று தெரியும் வரை ஜாகா பார்த்துவிட்டுத்தான் என் உடம்பு படுத்திருக்கிறது. இரண்டு வருஷமாக.

அன்று ரொம்ப அழுதேன். மேடம் அதற்குப் பெரிய விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. வட்டத்தில் நான் "முழிப்பு" என்று எழுதியதை அடித்துவிட்டு வேறு ஏதாவது எழுத விரும்புகிறீர்களா என்று மட்டும் கேட்டார். "ஜாகா" என்று எழுதினேன். அந்தத் தாள் இன்னமும் என் கைப்பையில் இருக்கிறது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் சொன்ன எல்லாமே எனக்குப் பொருந்தியது என்று இல்லை. ராத்திரி வேலை பார்த்த அப்பா பகலில் தூங்குவார், "சத்தம் போடாத, அப்பா தூங்குறாரு" என்றே நாங்கள் வளர்ந்தோம், மீட்டிங்கில் குரல் அடங்குவதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமோ என்று ஒரு நாள் கேட்டார். இருக்கலாம். எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. எல்லாவற்றுக்கும் சின்ன வயசில் ஒரு காரணத்தைத் தோண்டி எடுப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு, அதை அவரிடமும் சொன்னேன். எட்டரை மணி மீட்டிங்கில், நாலேகாலிலிருந்து முழித்து, வெறும் வயிற்றோடு, ரத்தம் 9.4ஆக உட்கார்ந்திருப்பவளுக்குக் குரல் எங்கிருந்து வரும் என்பதே எனக்குப் போதுமான பதிலாகப் பட்டது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம் என்றார். நான் மறுத்ததற்கு அவர் முகம் மாறவில்லை. அக்கா என்று கூப்பிட்டிருந்தால் நான் மறுத்தே இருக்கமாட்டேன்.

கோயிலும் அப்படித்தான். தைப்பூசத்துக்கு தண்ணீர்மலையில் பால்குடம் எடுத்துக்கொண்டிருந்தவள் நான், அப்பா இறந்த வருஷம் தீட்டு என்று நிறுத்தியது, அப்புறம் தொடரவே இல்லை. மேடம் போங்கள் என்றும் சொல்லவில்லை, அது சிகிச்சை என்றும் சொல்லவில்லை. ஏறும்போது உங்கள் பக்கத்தில் யார் நடப்பார்கள் என்று மட்டும் கேட்டார். அப்பாதான் நடப்பார், கையில் துண்டோடு.

ரோஜர்ஸ் சின்னப் பையனாக இருந்தபோது அவர் வீட்டுக் கீழறையில் குளிர்காலத்துக்குச் சேர்த்துவைத்த உருளைக்கிழங்குகள், மேலே சின்னஞ்சிறிய ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சத்தைப் பார்த்து வெளிறிப்போன முளைகளை நீட்டிக்கொண்டிருக்குமாம். மண் இல்லாமல், செடியாக ஆகவே முடியாத நிலையிலும். மனிதர்களுடைய வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது அவர் அதைச் சொல்வார். நான் வளர்ச்சி என்று நினைத்துக்கொண்டு போனது பதவி. நாலேகாலுக்கு முழித்துக்கொண்டதும் அப்படி ஒரு முளைதான் என்று இப்போது படுகிறது. கோணலாக, வெளிறிப்போய், ஆனால் ஒரு பக்கத்தைப் பார்த்து.

இதைப் படித்துவிட்டு யாராவது போகலாம் என்று நினைத்தால் ஒரு விஷயம். நம் மலேசியாவில் ஆலோசகர் என்று தொழில் செய்ய 1998ஆம் ஆண்டின் 580ஆவது சட்டப்படி பதிவு வேண்டும், மருத்துவ உளவியலாளர்கள் 2016ஆம் ஆண்டின் 774ஆவது சட்டத்துக்குள் வருகிறார்கள். பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. முழுமை, சக்தி, ஆன்மா என்று எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், மாத்திரையை நிறுத்து என்று சொன்ன நொடியில் எழுந்து வந்துவிடுங்கள். மழை பெய்தாலும் பரவாயில்லை.

அடுப்படி

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். ஒரு நாள் நாலேகாலுக்கு முழிப்பு வந்ததும் படுத்திருக்காமல் எழுந்து அடுப்படிக்குப் போய் உட்கார்ந்தேன். நாலரைக்கு அம்மா வந்தார். சுவிட்சைப் போட்டார், என்னைப் பார்த்துத் திடுக்கிடக்கூட இல்லை. சட்டியில் தண்ணீர் பிடித்து வைத்தார். தினமும் இந்த நேரத்தில் நான் முழித்திருப்பேன், உங்கள் சத்தம் கேட்டால்தான் தூங்குவேன் என்று சொன்னேன். அவர் திரும்பாமலே, "தெரியும்," என்றார்.

"எப்படித் தெரியும்?"

"கட்டிலு சத்தம் போடுமே. நீ பொரண்டு படுக்கிறது கேட்டுச்சுன்னாத்தான் நான் லைட்டப் போடுவேன்."

அதற்கப்புறம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. கோப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது, அம்மா துணியை எடுத்துத் துடைத்தார்.

பதவிக்கு மனு போட்டேன், கிடைக்கவில்லை. அடுத்த முறை போடுவேன். காலையில் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். முழிப்பு இன்னும் வருகிறது, வாரத்தில் இரண்டு மூன்று நாள். வந்தால் எழுந்து போய் உட்கார்ந்துகொள்கிறேன். ஒரு சனிக்கிழமை அம்மா தானும் வருகிறேன் என்றார். நான் மாடியில் இருந்த ஒரு மணி நேரம் மாரியம்மன் கோயிலில் உட்கார்ந்திருந்தார். திரும்பி நடக்கும்போது, "என்னப் பத்திக் கேட்டாங்களா?" என்றார்.

"கேட்டாங்க. நாலரைக்கு எந்திரிச்சு தனியா உட்கார்ந்திருக்கீங்களே, அப்ப என்ன நினைச்சுக்குவீங்கன்னு."

அம்மா பதில் சொல்லவில்லை. ஜெட்டியில் வரிசையில் நின்றபோதும் சொல்லவில்லை. ஃபெரி கிளம்பி, ஜார்ஜ் டவுன் பின்னால் போகத் தொடங்கிய பிறகு, கைப்பையை மடியில் சரிசெய்துகொண்டு, "பிரட்டுக்குப் போறப்ப இருட்டா இருக்கும், உங்கப்பாதான் லாம்பு பிடிப்பாரு," என்று ஆரம்பித்தார்.